காத்துக்கு எவ்வளவு தருவீங்க?

"நாத்தத்தைக் கிளப்புறவன் அந்தக் கம்பெனிக்காரன். அதை நிறுத்த நான் காசு குடுக்கணுமா? என்னம்மா நியாயம் இது?"

அமராவதி போட்ட சத்தத்தில் வாசலில் மேய்ந்த கோழி நகர்ந்து போனது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இலக்கியாவின் முகத்தில் சலனமே இல்லை. மடியில் கேள்வித்தாள், கையில் பேனா.

"யாரும் நிஜமா குடுக்க வேணாம். சுத்தமான காத்துக்கு ஜனங்க மனசுல என்ன மதிப்பு வெச்சிருக்காங்கன்னு யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றோம். மாசம் பத்து ரூபாயா, அம்பதா, நூறா? ஒண்ணு சொல்லுங்க."

"ஒரு பைசா தர மாட்டேன். பூஜ்யம்னு எழுதிக்கோ."

"கோபத்துல சொல்ற பூஜ்யத்தை நாங்க கணக்குல சேர்க்கறதில்ல."

"அது சரி! கோவப்படறவ கணக்குலயே கெடையாது. பத்து ரூபா தரேன்னு பல்லைக் காட்டறவதான் மனுஷி!" அமராவதிக்கு மூச்சு வாங்கியது. "ஆமா, இவ்ளோ பெரிய தெருவுல அக்கம்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காம நேரா எங்க ஊட்டுக்கு வந்துட்டியே, அது எப்படி?"

"சீட்டுக் குலுக்கிப் போட்டதுல உங்க வீடு வந்துச்சு" என்றாள் இலக்கியா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வந்ததும் கொடுத்த காபியை அவள் தொடவே இல்லை. அதையும் அமராவதி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அடுத்த கேள்வி. இந்த நாத்தத்தைப் பொறுத்துக்கிட்டு இருக்க, கம்பெனிக்காரங்க எவ்வளவு குடுத்தா சம்மதிப்பீங்க?"

"எம்புள்ளைக்கு ஒரு பொண்ணு கொண்டாந்து குடுக்கச் சொல்லு. அதை எழுது."

"ரூபாய்லதான் சொல்லணும்."

"ரூபாயில எப்படிம்மா சொல்றது? செம்பியனுக்கு முப்பத்திரண்டு வயசு. ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. வர்றவங்க எல்லாம் தெருமுனையில மூக்கைப் பொத்தறாங்க, அப்படியே பஸ் ஏறிடறாங்க. வித்துட்டுப் போலாம்னா, இந்த ஊட்ட எவன் வாங்குவான்?"

இலக்கியா கேள்வித்தாளில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"போன தை மாசம் கீரப்பாளையத்துலேருந்து ஒருத்தர் வந்தாரு. பத்துக்கு எட்டுப் பொருத்தம். பாவி, அன்னைக்குன்னு காத்து இந்தப் பக்கம் திரும்பிச்சு. கர்ச்சீப்பை மூக்குல வெச்சவரு எடுக்கவே இல்ல. இதே நாற்காலிதான். காபி இப்படித்தான் ஆடை கட்டிக் கெடந்துச்சு. சட்டைப் பையில பொண்ணு போட்டோ தெரியுது. 'குடுங்க, ஒரு தடவை பார்க்கறேன்'னு கையை நீட்டினேன். 'அப்பறம் அனுப்பறேன்'னு எழுந்து போனவருதான்."

இலக்கியா நிமிர்ந்தாள். "போட்டோவை நீங்க பார்க்கலையா?"

"குடுத்தாத்தானே பார்க்க!"

"உங்க வீட்டுல யாருமே பார்க்கலையா?"

"காதுல விழலியா உனக்கு? பையிலேருந்து வெளியவே எடுக்கல. நீட்டின கை நீட்டினபடி நின்னேன். அந்த அவமானத்துக்கு எத்தனை ரூபான்னு உங்க யுனிவர்சிட்டியில கேட்டுச் சொல்லு!"

இலக்கியா கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"ஆறிப் போச்சு, வெச்சிடு. வேற போட்டுத் தரேன்."

"இருக்கட்டும்மா."

முதல் தடவையாக அவள் வாயிலிருந்து 'அம்மா' வந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்து எண்களை அழுத்தினாள்.

"அப்பா, என் போட்டோவைப் பார்த்துட்டு 'பொண்ணு கருப்பு, வேணாம்'னு சொல்லிட்டாங்கன்னு வந்து சொன்னீங்களே, அந்த வீட்டுலதான் உக்காந்திருக்கேன். காபி நல்லா இருக்கு."