வேதுப் போர்வை

கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒற்றை அறை வீடு. மத்தியான வெக்கையில் கிளெமன்ட் பெட்ஷீட்டைத் தலையோடு மூடிக்கொண்டு வேது பிடிக்கிறான். முகத்துக்கு நேரே நொச்சியும் ஆடாதோடையும் அவிந்த பானை. பூப்போட்ட துணி வழியாக வெளிச்சம் மஞ்சளாகக் கசிகிறது. மூக்கு நுனி வியர்வை பானைக்குள் சொட்டுகிறது. துறைமுகத்து ஸ்டோரில் சீமெந்து மூட்டை சுமந்து சுமந்து நெஞ்சுக்குள் அப்பிய தூசு, இந்த ஆவிக்கு அசைவதாகத் தெரியவில்லை. மூச்சு பாதி வழியில் நின்றுவிடுகிறது. துணியின் விளிம்பைத் தூக்கப் போன கையில் பட்டென்று ஓர் அடி விழுகிறது. வெளியே மனைவி றேணுகா துணியை முழங்காலால் அமத்திக்கொண்டு இருக்கிறாள். "காத்துப் படக் கூடாது. மூட்டை தூக்கிற ஆம்பிளைக்கு இலைத் தண்ணிக்குப் பயமோ?" வாசலில் பக்கத்து வீட்டு புளோறன்ஸ் அக்கா சிரிக்கிறாள். "அவிச்சு இறக்காம விடமாட்டாய் போல, பிள்ளை!"

"சுகமெண்டு அவர் வாயால சொல்லட்டும், விடுறன். நாளைக்கு வருவாரெண்டு சுப்பவைசருக்குச் சொல்லிப்போட்டன் அக்கா. இனியும் வேலைக்குப் போகாம நிண்டால் வேற ஆளைப் போட்டிடுவாங்கள்." எழும்பி வந்த இருமலைக் கிளெமன்ட் வாயைப் பொத்தி விழுங்குகிறான். சுகம் என்று ஒரு சொல் சொன்னால் துணி விலகும், காற்று வரும். விடிந்தால் மூட்டைகளும் வரும். "என்னப்பா, சுகமோ?" அவள் பிடி தளர்கிறது; ஒரு மூலையில் வெளிச்சம் வெள்ளையாக உள்ளே நுழைகிறது. "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்கிறான். அந்த மூலையை உள்ளேயிருந்தே இழுத்து, காலுக்குக் கீழே போட்டு மிதித்துக்கொள்கிறான்.