இரண்டாவது பெட்டி வேணுமாம்

றிம்சான் நேற்றுப் பகலிலிருந்து சோறு தின்னவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் குப்புறக் கிடக்கிறான். பறக்கிற வீரர்கள் விளையாட்டின் இரண்டாவது பெட்டி வந்தால்தான் எழும்புவானாம்.

முதல் பெட்டி சவூதியில் வேலை செய்கிற வாப்பா அனுப்பியது. இரண்டாவதைக் கல்முனையில் விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு பென்சிக் கடையின் கண்ணாடி அலுமாரியில் கண்ட நாளிலிருந்து இந்தக் கூத்து. யுத்த காலம், சீனியும் மாவும் ஏற்றிய கொழும்பு லொறியே சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்து சேரப் படாத பாடு படுகிறது. இந்தப் பெட்டி மட்டும் எப்படியோ ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

அந்தப் பெட்டியோடுதான் சாய்ந்தமருதுக்கு வந்து, றிம்சான் வீட்டு முன் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார் புடவைக் கடை பளீல் ஹாஜியார். வெள்ளிக்கிழமை றிம்சானுக்கு விசேசம். செலவெல்லாம் ஹாஜியார் தலையில். அந்த வீட்டார் கேட்ட பத்துக்கும் தலையாட்டிய மனிதருக்கு இது பதினோராவது. விருந்துக்கு மாடு பேசியாயிற்று, நானூறு பேருக்குச் சொல்லியாயிற்று. இனி விசேசம் நின்றால் அவர் ஊரில் தலைகாட்ட முடியாது.

றிம்சானின் உம்மா ஸம்ஸியா முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள்.

"கேட்டதெல்லாம் செஞ்சி தந்தீங்க ஹாஜியார். இதையும் வாங்கித் தந்தா புள்ள எழும்பிருவான். வெள்ளிக்கிழம நெருங்க நெருங்கப் பயம் வருது போல. ஆம்பிளப் புள்ளயள் எல்லாருக்கும் வாறதுதானே, மறுகா சரியாப் போயிரும்."

"வாங்கிறதுக்குத்தான் கொண்டந்த. பாத்துட்டுக் காசு தாறன் எண்டு கடைக்காரன்ட்டச் சொல்லியிரிக்கன். ஆயிரத்தி ஐந்நூறு ரூவாச் சாமான், பாக்காம வாங்கேலா."

ஹாஜியார் பெட்டியைத் திறந்தார். முப்பது வருடம் துணி பார்த்த கை. மட்டையை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், எச்சில் தொட்டுச் சாயம் போகிறதா என்றும் தேய்த்துப் பார்த்தார்.

உள்ளே நான்கு பிளாஸ்டிக் வீரர்கள். நான்கு பேரும் முதுகில் போர்வையைக் கட்டி, காற்சட்டைக்கு மேலே ஜட்டி போட்டிருந்தார்கள். உலகத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் எதை முதலில் போடுவது என்று தெரியவில்லை போலும்.

"முதல் பெட்டியில ஆறு பேர் இரிக்காங்களே. இன்னும் நாலு பேர் என்னத்துக்காம்?"

றிம்சான் ஹாஜியாரோடு நேரே கதைக்க மாட்டான், வெட்கமாம். ஸம்ஸியாதான் அறை வாசலுக்குப் போய்க் குசுகுசுத்துவிட்டு வந்தாள்.

"இதில ஒரு கறுத்த உடுப்புக்காரன் இரிக்கானாம். ஆராலயும் அவன வெல்லேலாதாம். அவன் இல்லாம முதல் பெட்டி வெறும் மட்டையாம்."

ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளையாட்டு விதிகளை இங்கிலீசில் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இஞ்ச வேற மாதிரியெல்லோ போட்டிரிக்கி. தாயக்கட்டையில ஆறு விழுந்தா இவனும் விழுவானாம்."

ஸம்ஸியா மறுபடியும் போய்விட்டு வந்தாள். "ஆறு விழுந்தா அதக் கணக்கெடுக்கிறல்லியாம்."

"ஆர் சொன்ன?"

"அவன்தான்."

"எதிர்ல இருந்து வெளாடுறவங்க அதுக்கு விடுவாங்களா?"

ஸம்ஸியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "விடாம? தோக்கிற மாதிரி இரிந்தா பலகையத் தட்டி எறிஞ்சிருவான். சரியான ரோசக்காரன், அவன்ட வாப்பா மாதிரி! போன நோன்பில தங்கச்சி சரீபா ஒருக்கா வெண்டுட்டாள். மூணு மாசம் அவளோட கதைக்கல்ல. அவள் போட்ட தேத்தண்ணியக்கூடக் குடிக்காம முத்தத்தில ஊத்தினவன்!"

ஹாஜியார் கையிலிருந்த வீரனைக் கீழே வைத்தார். அவருக்குத் தன் ஒரே மகள் றிஸ்னாவின் நினைவு வந்தது. கேரம் பலகைக்கு முன்னால் குந்தினாளென்றால் அவளை வெல்ல அவர்கள் தெருவில் ஆள் கிடையாது. வென்றுவிட்டால் வீடே அதிரச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே ஹாஜியார் எத்தனையோ தடவை வேண்டுமென்று தோற்றிருக்கிறார்.

நானூறு பேரையும் நினைத்துப் பார்த்தார். நாளைக்குப் பள்ளிவாசலடியில் என்னென்ன கதைப்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தார்.

ஸம்ஸியாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன ஹாஜியார் இவ்வளவு யோசின? வாங்கலாமா, இல்லியா? வெள்ளிக்கிழம வந்து குந்தமாட்டன் எண்டு புள்ள நிண்டுட்டா, மறுகா என்னக் குத்தம் சொல்லப்படா!"

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. சோறு தின்னாத ஆளுக்குக் காது மட்டும் நன்றாகத்தான் வேலை செய்தது.

ஹாஜியார் வீரர்களை ஒவ்வொருவராக எடுத்து அடுக்கி, மூடியைப் போட்டுப் பெட்டியைக் கதவுச் சீலைப் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"நல்ல சாமான். மட்ட தடிப்பம், சாயமும் போகல்ல. குடுக்கிற காசுக்குப் பெறுமதிதான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் ஸம்ஸியா. அறைக் கதவின் தாழ்ப்பாள் படக்கென்று திறந்தது.

ஹாஜியார் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"காச நான் கடையில கட்டிர்றன், பெட்டிய உங்கட மகனுக்கு வெச்சிக்கொள்ளுங்க. என்ட மகளுக்கு நான் வேற மாப்பிள்ள பாக்கிறன்."