ஏற்றத்துக்கு இன்னொரு கால்

ஜார்ஜியாவின் மலைச்சாலையில் காலையிலிருந்து வடிவாம்பாள் பார்த்த ஒரே கூட்டம் ஓர் ஆட்டுமந்தைதான். சைக்கிளில் அவள் தனியாகத்தான் போனாள். மிதிப்பது மட்டும் இரண்டு பேர். ஈரோட்டு வீட்டுக் கூடத்தில் நகராத சைக்கிள் ஒன்றில் கணவர் உட்கார்ந்து மிதித்தால், அந்த விசை இங்கே அவள் பெடலில் வந்து சேரும். ஏற்றங்களுக்கு மட்டும்தான் அவர்.

பயணத்தின் கடைசி ஏற்றம். பதினான்கு வளைவுகள்.

"ஏனுங்க, ஆரம்பிக்கலாமா?"

"ம், ஏறு ஏறு" என்றார் காதுக்குள்.

மூன்றாவது வளைவிலேயே சந்தேகம் தட்டியது. நாலு மிதிக்கு ஒரு புலம்பல் புலம்புகிற மனுஷன், மூச்சிரைப்பே இல்லாமல் இருந்தார். பெடலிலும் இடது பக்கம் அழுத்தம், வலது பக்கம் தயக்கம். சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து வலது கணுக்காலை உடைத்துக்கொண்ட சுகந்திதான் அப்படி மிதிப்பாள். தன் கல்யாணத்தைப் பற்றிய சண்டையில் அம்மாவோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடமான மகள்.

கேட்டால் மிதி நின்றுவிடுமோ என்று பயந்து, மீதி வளைவுகளை வாயைத் திறக்காமலே ஏறினாள் வடிவாம்பாள்.

உச்சி வந்தது. சாலை சமமானது. இனி துணை வேண்டியதில்லை. ஆனாலும் மிதி நிற்கவில்லை.

"வலது கால் வலிக்கப் போகுது, கண்ணு" என்றாள். "எறங்கித் தண்ணி குடி."

மிதி நின்றது. பிறகு மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது.

"அப்பாவுக்கு முட்டி வீங்கிருச்சு. நீ எறக்கத்துல பிரேக்கைப் பாத்துப் புடிம்மா."