சரியாகாத கை

“கையில இன்னும் முன்னேற்றமே இல்லை சார்” என்று தெரபிஸ்ட் சொன்னதும் பயிற்சி மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காலையில்தான் அந்த நோயாளிப் பெண், அதே கையால், சட்டை பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. தெரபிஸ்ட் கைகூடத் தட்டினாள்.

இப்போது அந்தக் கை போர்வைக்குள் பாதி மறைந்து துவண்டு கிடந்தது.

பிள்ளைகள் காலேஜ் போன பிறகு, ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் படிப்பில் சேர்ந்தவள் பயிற்சி மாணவி. அடிபட்டவர்களுக்கு உடுத்தவும் உண்ணவும் திரும்பப் பழக்குகிற வேலை. தெரபிஸ்டுக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும்.

நோயாளியின் கணவர் முகம் வாடிப்போனது.

“அவ இல்லாம வீடு வீடாவே இல்லை மேடம். சரி, மெதுவா ஆகட்டும்.”

சூப்பை ஊதி ஊதி ஊட்டினார். மனைவியின் வாயைத் துடைத்துவிட்டார்.

“இப்படி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்!” என்றாள் பக்கத்துக் கட்டில் அம்மா.

பயிற்சி மாணவிக்கும் அப்படித்தான் பட்டது. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் வீட்டுக்காரர், “மாத்திரை எங்கே இருக்குன்னு தெரியும்ல?” என்று கேட்டதோடு சரி.

வராந்தாவில் தெரபிஸ்டை மடக்கினாள்.

“ஏன் மேடம் பொய் சொன்னீங்க? பாவம், அந்த மனுஷன்!”

“அது நான் சொல்ற விஷயம் இல்லைக்கா. தயவுசெஞ்சு நீங்களும் எதுவும் சொல்லிடாதீங்க.”

யாரோ கூப்பிட, தெரபிஸ்ட் ஓடிவிட்டாள்.

இவளுக்கு மனசு கேட்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போனாள்.

“சார், ஒரு நல்ல சேதி. உங்க மனைவி...”

போர்வைக்கு அடியிலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. உடும்புப்பிடி. முன்னேற்றமே இல்லாத அதே கை!

நோயாளியின் முகத்தில் ஈயாடவில்லை. கண்கள் மட்டும் கெஞ்சின.

“என்னம்மா சேதி?” என்றார் கணவர்.

“வந்து... நல்லா ஒத்துழைக்கிறாங்க சார்” என்று மென்று விழுங்கினாள்.

அவர் சிரித்துக்கொண்டே சூப் பாத்திரத்தைக் கழுவப் போனார்.

“இப்படியாம்மா ஏமாத்துறது?” பயிற்சி மாணவிக்குப் படபடப்பு அடங்கவில்லை. “உனக்காக உருகுறாரே மனுஷன்!”

“சத்தம் போடாதீங்கக்கா. நாளைக்கு என் தங்கச்சி வந்து என்னைத் தன்கூடக் கூட்டிட்டுப் போறா. தெரபிஸ்ட் மேடம்தான் அவளைத் தேடிப்பிடிச்சுப் பேசினாங்க. அதுவரைக்கும் கை சரியாயிடுச்சுன்னு அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா இன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவார்.”

“போனா என்ன?”

குழாய்ச் சத்தம் நின்றது. காலடிச் சத்தம் கேட்டது. அவள் அவசரமாகக் கையைத் துவளவிட்டாள்.

“இதை முறிச்சதே அவர்தான்க்கா.”