ஐந்தாம் தேதி

கல்லூரியில் 'உடலும் சேமிப்பும்' என்று ஒரு பாடம். மாதவிலக்குத் தேதியை மாதாமாதம் ஆப்பில் பதிந்தால் மாணவியின் சேமிப்புக் கணக்கில் அரசு பணம் போடும். தவறினால் கணக்கு முடங்கும். பொய்த் தேதி போட்டால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

என் மகள் மகிழ்நிலா எல்லாவற்றையும் மறப்பவள். அதனால் ஒவ்வொரு ஐந்தாம் தேதியும், பால் காயும்போதே, அவள் பெயரில் நானே பதிந்துவிடுவேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது.

இன்று பங்குனி வெயிலில் கல்லூரியிலிருந்து வந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆப்பில் இருந்த அவள் பதிவைத் திரையில் பார்த்தார். "தேதியெல்லாம் கரெக்டா இருக்கு. கர்ப்பமா இருக்க வாய்ப்பே இல்ல. சாப்பாடு ஏதாவது ஒத்துக்காம இருக்கும். ஊசி போட்டுக் கூட்டிட்டுப் போங்க."

மகளின் உதடு வெளுத்திருந்தது. கை சில்லிட்டிருந்தது. உண்மையைச் சொன்னால் படிப்பு போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன், பாவி. டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

"டாக்டர், போகாதீங்க! அந்தத் தேதியெல்லாம் நான் போட்டது."

அவர் முகம் மாறியது. "அப்ப நிஜமா கடைசியா எப்ப வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. மகளைக் குனிந்து பார்த்தேன்.

"பொங்கலுக்கு முன்னாடிம்மா" என்றாள். "வராத ரெண்டு மாசமும் நீ தேதி போட்டதைப் பாத்து, உனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன்."