கூட்டிருப்பின் முதல் பெயர்

முதல் பக்கம் தவிர வெள்ளிவிழா மலர் முழுவதும் அச்சுக்குத் தயாராகிவிட்டது.

மூன்று மணிக்குள் அந்தப் பக்கமும் வந்தாக வேண்டும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு மலர் கிடையாது என்று அச்சகத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். மணி இரண்டே கால். ஷிஜா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாமனார் நேசையனின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

கேட்டது ஒரே ஒரு பெயர். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் 'கூட்டிருப்பு' சங்கத்தின் கணக்கில் வீடு திரும்பிய முதல் பிள்ளை யார்? முதல் மலரை மேடையில் அந்தப் பிள்ளையின் கையில்தான் கொடுப்பது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது.

பத்தாம் ஆண்டு மலரிலும் இதே சிக்கல். அப்போது அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ படத்தைப் போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள்.

சங்கத்தின் வேலையை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். கேரளத்து நெய்யாற்றின்கரையிலும் காட்டாக்கடையிலும் வீட்டில் சண்டை போட்டுக் கிளம்புகிற பிள்ளைகளில் பாதிப் பேர் பஸ் ஏறி தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் இறங்கிவிடுவார்கள். அது அடுத்த மாநிலம் இல்லையா! எல்லையைத் தாண்டியாயிற்று, இனி எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று பஸ் நிலைய பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். கேரளப் பக்கத்துப் பாறசாலையிலிருந்து பத்தே நிமிடம்.

சங்கத்து ஆள் ஒருவர் பக்கத்தில் போய் உட்காருவார். அவ்வளவுதான். பெயர் கேட்கக் கூடாது, ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது, புத்தி சொல்லவே கூடாது. சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை தானாக எழுந்திருக்கும் வரை கூட இருக்க வேண்டும். பிறகு வீடு வரை போய், எல்லோரோடும் ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

வீட்டை விட்டு வந்த அதியன்னூர் ஆதிராவோடு சங்கத்துத் தங்கபாய் ஏழு மணி நேரம் உட்கார்ந்து, இடுப்பு பிடித்து மூன்று நாள் படுத்துக் கிடந்தாள். ஆதிரா இப்போது சங்கத்தின் செயலாளர்.

இந்தச் சட்டங்களைப் போட்டவர் நேசையன். ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கணவன் அனிலிடம் கேட்டால், அப்பாவிடம் கேள் என்பான். அப்பாவிடம் கேட்டால், சாயா குடித்தாயா என்பார். அப்பனும் மகனும் ஒரே வார்ப்பு. இந்த இரண்டு பேரையும் கட்டி மேய்ப்பதற்கே தனியாக ஒரு சங்கம் வேண்டும் என்று ஷிஜா சொல்வதுண்டு.

"மாமா, இண்ணைக்கி சொல்லல்லேண்ணா நான் வாய்க்கு வந்த பேரை எழுதிப்போடுவேன், பாத்துக்கிடுங்க!"

நேசையன் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

ஷிஜா அதைப் பார்த்துவிட்டாள். பன்னிரண்டு வருடம் எத்தனையோ பெஞ்சுகளில் உட்கார்ந்தவள் அவள். மடிக்கணினியை மூடினாள். எதுவும் கேட்காமல் அவர் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மணி ஆயிற்று. அச்சகத்திலிருந்து போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. போனால் போகிறது மலர், இந்த மனிதரைவிட அது பெரிதா?

போன் அடித்து ஓய்ந்த பிறகு அவர் வாய் திறந்தார்.

"எழுது மக்கா. நேசையன். நாப்பது வயசு. ஆரியங்கோடு."

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"அண்ணு நல்ல குடியாக்கும். பெத்த பிள்ளைய அடிச்சுப்போட்டேன். காலம்பற தெளிஞ்சப்பம் ஆருக்க முகத்துலயும் முழிக்க முடியல்ல. பஸ்சு ஏறி எல்லைய கடந்து போயி இருந்தேன், இனி திரும்பப்பிடாதுண்ணு. ரெண்டு நாளு களியக்காவிளை பெஞ்சுலதான் கெடந்தேன். மூணாம் நாளு ஒரு சின்ன பய வந்து பக்கத்துல இருந்தான். ஒரு கையில மாவுக்கட்டு. மத்த கையில எனக்கு சாயா. ஒண்ணும் கேக்கல்ல மக்கா. நான் எந்திரிக்குதது வரை இருந்தான். அவன் இதுவரை ஆருட்டயும் சொல்லவும் இல்ல. ஞாயிற்றாட்ச எல்லாரும் அறியட்டு."

"எந்தப் பய, மாமா?"

அவர் முற்றத்தைப் பார்த்தார்.

அங்கே ஏணிமேல் நின்று அனில் விழா பேனரைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய இடது கை முழுசாக நீளாது. ஏழாம் வகுப்பில் அயனி மரத்திலிருந்து விழுந்து ஒடிந்தது என்றுதான் கல்யாணமான நாள் முதல் ஷிஜாவிடம் சொல்லியிருக்கிறான்.