கறுத்த வெள்ளி

“மோதிரத்தக் கழட்டுங்க.”

“ஞாயித்துக்கிழமை காலையில என்னட்டி அவசரம்? இட்லியத் தின்னுட்டுக் கழட்டுதேன்.”

“இப்பவே கழட்டுங்க.”

நாகஜோதி ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். அந்தக் குரலுக்கு ஐம்பது பையன்களே அடங்கிவிடுவார்கள்; கட்டிய கணவன் எம்மாத்திரம்? கௌதம்ராஜ் கையைக் கழுவி, இழுத்துக் கழற்றிக் கொடுத்தான். கல்யாணத்தன்று அவள் போட்டுவிட்ட வெள்ளி மோதிரம். மூன்று வருஷமாகப் பளபளவென்று இருந்தது, மூன்றே வாரத்தில் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்திருந்தது.

“வேர்வையில கறுத்திருக்கும். மில்லுல எம்புட்டுச் சூடு தெரியுமா?”

“மூணு வருசமா வராத வேர்வை இப்பத்தான் வந்துச்சோ?”

பிரியாணி கட்டி வந்த அலுமினியத் தாளை ஒரு சட்டியில் விரித்தாள். அதன்மேல் மோதிரத்தை வைத்து, உப்பும் ஆப்பசோடாவும் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள்.

“மோதிரத்துல ரசம் வைக்கப் போறியா?”

“சிரிக்காதீய. வெள்ளியில ஏதோ ஒண்ணு சேந்துதான் கறுப்பாக்கி வச்சிருக்கு. வெள்ளியவிட அலுமினியம் வேகமா வினைபுரியும். அது எதுவா இருந்தாலும் வெள்ளிகிட்ட இருந்து பறிச்சுக்கிடும். என்னன்னு வாசனையே சொல்லிரும். குனிஞ்சு மோந்து பாருங்க.”

குனிந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். அழுகிய முட்டை நாற்றம். சட்டிக்குள் மோதிரம் வெளுத்துக்கொண்டிருந்தது. அவன் முகமும்தான்.

“கந்தகம்” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “மறுபடியும் பயராபீசுக்குப் போறீயளா?”

கல்யாணத்துக்கு முன் அவன் பயராபீசு என்கிற பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவன். ஒருநாள் பக்கத்து அறை வெடித்தது. கூட வேலை பார்த்த நண்பனைப் பொட்டலமாகத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்த பிறகுதான் நாகஜோதி கழுத்தை நீட்டினாள். அவனும் ராஜபாளையத்தில் மில் வேலைக்குச் சேர்ந்தான்.

“நான் போகலட்டி.”

“ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது. வீட்டுக்கு வர ஏழு மணி ஆகுது. கேட்டா ஓவர்டைம். வந்ததும் வராததுமா சட்டைய நீங்களே தொவச்சுக் காயப்போடுதீய. இதுக்கு முன்ன ஒருநாளாவது தொவச்சிருக்கீயளா?”

கௌதம்ராஜ் கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்தான்.

“உங்கள நம்பித்தான எங்கப்பாவ விட்டுட்டு வந்தேன்? இன்னைக்கும் பஸ் ஸ்டாண்டுல என்னக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறாரு. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்டப் போவேன்?”

டீச்சர் தரையில் உட்கார்ந்து, பச்சைப் பிள்ளை மாதிரி அழுதாள். அதற்குமேல் எந்த ஆம்பிளையின் ரகசியம்தான் தாங்கும்? கௌதம்ராஜும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“கந்தகந்தான். ஆனா பயராபீசு இல்ல. மாந்தோப்பு.”

“மாந்தோப்பா?”

“பூவுல சாம்பல் நோய் விழுந்திருச்சு. கந்தகத்தத் தண்ணியில கரைச்சு அடிச்சாத்தான் பூவு நிக்கும், பிஞ்சு பிடிக்கும். ஷிப்ட் முடிஞ்சு அதத்தான் அடிக்கப் போனேன். அம்புட்டுத்தான்.”

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது.

“இதப் போய் மறைப்பாகளா? நான் என்னென்னமோ நெனச்சு ரெண்டு நாளாத் தூங்கல. யாரு தோப்பு?”

“செண்பகத்தோப்பு ரோட்டுல... உங்கப்பா தோப்புதான்.”

நாகஜோதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மருந்தடிக்க ஆள் கெடைக்காம ஒத்தையா அல்லாடுதாருன்னு டீக்கடையில சொன்னாங்க. மனசு கேக்கல. மூக்கு, வாயெல்லாம் சேத்துத் துண்டக் கட்டிக்கிட்டு, சங்கையான்னு பேரு சொல்லிப் போய் நின்னேன். மருந்தடிக்கிறவன் மொகத்த யாரு பாக்கா? வெளிய தெரிஞ்சா வெரட்டி விட்டுருவாருன்னு ஒன்கிட்டயும் மூச்சு விடல.”

“ஐயோ, இன்னும் எத்தன நாளைக்கு இப்படி? அப்பா கண்டுபிடிச்சா என்ன ஆகும்?”

“வேல நேத்தோட முடிஞ்சிருச்சு. இன்னைக்கு ஒண்ணும் சொல்லாம ஒன்ன பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போகலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீ சட்டியத் தூக்கிட்ட.”

“எங்க கூட்டிட்டுப் போக?”

கௌதம்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நேத்து கெளம்புறப்ப உங்கப்பா கூப்புட்டு, ‘மூணு வாரமா மூச்சு முட்டியிருக்கும், இனியாவது அந்தத் துண்ட அவுருங்க மாப்ள... நாளைக்கு மத்தியானம் எம் மவளையும் கூட்டிட்டுச் சாப்பிட வாங்க’ன்னுட்டாரு.”